பின் சீட்டுக்கு விலக்கு

டெல்லிக்கு வந்த புதிதில், 2003-ல், எனக்கு முதல் சலான் கிடைத்தது. நம்ம ஊரில் சலான் என்றால் பேங்கில் பணம் கட்டும் சீட்டு. இங்கே அது டிராஃபிக் போலீஸ்காரர் கிழித்துக் கொடுக்கும் அபராதச் சீட்டு. ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு போனேன். நேரு ப்ளேஸ் சிக்னலில் பிடித்துவிட்டார்கள். நூறு ரூபாய்.

பர்ஸைத் துழாவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டியவர் தலையில் ஹெல்மெட். பின்னால் அவர் மனைவி, தலையில் துப்பட்டா. நடுவில் ஒரு பையன், வெறும் தலை. போலீஸ்காரர் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'அந்தம்மாவுக்கு ஹெல்மெட் வேண்டாமா?' என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். 'லேடீஸ் கோ சூட் ஹை' என்றார். பெண்களுக்கு விலக்கு உண்டாம். பரவாயில்லையே, பெண்களை இவ்வளவு மரியாதையாக நடத்தும் ஊரா இது என்று நினைத்துக்கொண்டேன். (வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டெல்லியைப் பற்றி வேறு எதுவும் தெரியாது :-))

அடுத்த வருஷம் கல்யாணம். தங்கமணி திருச்சிக்காரி. மயூர் விஹாரில் ஒரு சின்ன ஃப்ளாட். டெல்லியை அவள் முழுக்கப் பார்த்தது என் ஸ்ப்ளெண்டரின் பின் சீட்டில் உட்கார்ந்துதான். வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட், அது எனக்கு. அவளுக்கும் ஒன்று வாங்கலாமா என்ற பேச்சு ஒரே ஒரு முறை வந்தது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். 'சட்டமே வேண்டாம்னு சொல்றப்ப உனக்கு என்னடா? பூ நசுங்கிடும்' என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கும் முன்னூறு ரூபாய் மிச்சம்.

2008 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காமன்வெல்த் போட்டிக்காக ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த நேரம். ரிங் ரோட்டில் ஓரமாகக் கொட்டியிருந்த மணல் பாதிச் சாலை வரை பரவிக் கிடந்தது. முன்னால் போன கார் சட்டென்று நின்றதும் நான் பிரேக் அடித்தேன். வண்டி வழுக்கியது. யாரும் இடிக்கவில்லை, வேகமும் முப்பதுக்கு மேல் இருக்காது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஹெல்மெட்டில் ஒரு நீளக் கீறல். அவள் நடைபாதை ஓரத்துக் கல்லில் பின்மண்டை படும்படி விழுந்தாள்.

கூட்டம் சேர்ந்தது. பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வயதான சர்தார்ஜி ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். அவரும் நானும் சேர்ந்து அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். பாதி வழியில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: 'ஹெல்மெட் ஏக் ஹி தா?' ஒரே ஒரு ஹெல்மெட்தான் இருந்ததா? சட்டப்படி அவளுக்குத் தேவையில்லை என்று பதில் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. மண்டை ஓட்டில் ஒரு மெல்லிய விரிசல், உள்ளே கொஞ்சம் ரத்தக் கசிவு. ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. பிழைத்துவிட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் அது தெரிந்தது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறுகிறது, அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். தலையின் பின்பக்கம் அடிபட்டால் மூளை முன்பக்கமாக ஒரு உலுக்கு உலுக்கப்பட்டு, மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நுண்ணிய நரம்புகள் அறுந்துபோகலாம் என்று டாக்டர் விளக்கினார். சிலருக்குத் திரும்ப வருமாம். அவளுக்கு வரவில்லை. மல்லிகை, சாம்பார், மழை, குழந்தையின் தலை எல்லாம் போயிற்று. பூ நசுங்கக்கூடாது என்று நினைத்தோம், பூவின் வாசனையே போய்விட்டது.

அந்த 'சட்டப்படி தேவையில்லை' என்னை விடவில்லை. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, யார் எழுதினார்கள், அவள் தலையை மட்டும் ஏன் விட்டார்கள் என்று சில வருஷங்களாகக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, கம்ப்யூட்டர்காரன். படித்ததில் உறுதியானதை மட்டும் சொல்கிறேன்.

கதை ஒரு சினிமாவில் தொடங்குகிறது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) பார்த்தவர்களுக்கு முதல் காட்சி ஞாபகம் இருக்கும்: ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போவார், எதிரே இரண்டு சைக்கிள்கள், ஒதுக்குவார், அவ்வளவுதான். உண்மையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுவே. 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் டார்செட் பகுதியில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்களை இடிக்காமல் தவிர்க்கப் போய் டி.இ.லாரன்ஸ் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவே இல்லாமல் கிடந்து 19-ஆம் தேதி இறந்தார். (இதே லாரன்ஸ் 1927-28-ல் பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையின் சாதாரண ஊழியராகக் கராச்சியிலும் மீரான்ஷாவிலும் இருந்தவர். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் மோட்டார் சாலைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.)

அவரைப் பார்த்த டாக்டர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற ஆஸ்திரேலிய மூளை அறுவை நிபுணர் ஒருவர். அந்தச் சாவு அவரை உறுத்தியிருக்க வேண்டும். யுத்தம் வந்தது. ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் எதிரி குண்டு இல்லாமலே சாலையில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கெய்ர்ன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் சாலை விபத்தில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும் 2,279 பேர். ஹெல்மெட் போட்டிருந்து விபத்தில் சிக்கியவர்கள் அவருக்குக் கிடைத்தது ஏழே ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். ஏழு என்பது எதையும் நிரூபிக்காத எண்தான். அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த வருஷ நவம்பரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் பணியில் இருக்கும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

அந்த 2,279-ஐ மறுபடி பாருங்கள். பின்னால் உட்கார்ந்தவர்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். 1941-லேயே எண்ணியாகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாதாரண மக்களுக்கு முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம், 1961-ல். பிரிட்டன் 1973 வரை காத்திருந்தது. போட்டதும் சிக்கல் வந்தது. அங்கே குடியேறியிருந்த சீக்கியர்கள் தலைப்பாகையைக் கழற்ற முடியாது என்றார்கள். 1976-ல் தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு விலக்குத் தந்து தனிச் சட்டமே இயற்றினார்கள்.

இனி நம் நாடு. முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது, அடுத்தது 1939-ல். இரண்டிலும் முதலில் தலையைப் பற்றிப் பேச்சில்லை. அதற்கு அவசியமும் பெரிதாக இல்லை, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே கொஞ்சம். 1960-களிலிருந்துதான் ஸ்கூட்டர் நடுத்தரக் குடும்பத்தின் வாகனமாயிற்று. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்குவார்கள். வந்ததும் அப்பா ஓட்ட, முன்னால் பெரிய குழந்தை நிற்க, பின்னால் அம்மா ஒருக்களித்து உட்கார்ந்து மடியில் சின்னதை வைத்துக்கொள்ள, குடும்பமே கிளம்பிவிடும். என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் அந்த முன் இடத்தில் நின்று வளர்ந்தவர்கள்தான்.

1977-ல் நாடாளுமன்றம் 1939-ஆம் வருஷச் சட்டத்தில் 85ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அதுதான் இந்தியாவின் முதல் ஹெல்மெட் பிரிவு. பிரிட்டன் போட்டுப் பார்த்து மூன்று வருஷம் சண்டை போட்டுக் கண்டுபிடித்ததை நாம் முதல் வரியிலேயே எழுதிவிட்டோம்: தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு.

எழுதினால் போதுமா? அமல்படுத்த மாநிலங்கள் மனசு வைக்க வேண்டும். ஆந்திரா தன் விதிகளில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அஜய் கானு வழக்கு. என் தலை, என் உரிமை, நாட்டில் சுதந்திரமாகப் போய்வரும் என் அடிப்படை உரிமையை இது பறிக்கிறது என்பது வாதம். 1988 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இது கட்டுப்பாடே என்று வைத்துக்கொண்டாலும் பொதுநலன் கருதிய நியாயமான கட்டுப்பாடுதான் என்றது. இன்றும் டீக்கடையில் 'என் தலை, என் இஷ்டம்' என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் தோற்று வருஷம் பல ஆயிற்று.

அதே 1988 அக்டோபரில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1989 ஜூலை 1 முதல் அமல். பின் சீட்டில் உட்காருபவரைப் பற்றி இந்தச் சட்டமும் இதன் கீழ் வந்த விதிகளும் என்ன சொல்கின்றன என்று தேடினேன். மூன்று இடத்தில் சொல்கின்றன.

128-ஆம் பிரிவு: ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம், அதுவும் சரியான சீட்டில். நம் குடும்ப ஸ்கூட்டர் அங்கேயே சட்டவிரோதம். அடுத்தது 1989 மத்திய விதிகளில் 123-ஆவது. பின்னால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு. நாம் சாரி கார்டு என்று சொல்கிறோமே, அதேதான். இந்தியாவில் விற்கும் வண்டிகளில் இடது பக்கம் அந்தக் கம்பி இருப்பதற்குக் காரணம் இந்த விதி. ஒருக்களித்து உட்காரும் ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். புடவை சிக்கும், துப்பட்டா சிக்கும், ஆள் விழுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல விதி. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

மூன்றாவது 129-ஆம் பிரிவு, ஹெல்மெட். அதில் மூன்று வாக்கியங்கள். முதல் வாக்கியம், மோட்டார் சைக்கிளை ஓட்டுபவரும் அதில் செல்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். ஆண், பெண் என்று பேதமில்லை, முன், பின் என்று பேதமில்லை. இரண்டாவது, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு இது பொருந்தாது. மூன்றாவது, மாநில அரசு தனக்குச் சரியென்று படும் விலக்குகளை விதி போட்டுத் தரலாம்.

அந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் தங்கமணியின் தலை வெளியே போயிற்று.

எப்படி என்றால், இரண்டாவது வாக்கியம் 'சீக்கியர்' என்று மட்டும் சொல்லவில்லை, 'தலைப்பாகை கட்டிய சீக்கியர்' என்கிறது. சீக்கிய நெறிமுறை நூலான ரஹித் மர்யாதாவின்படி ஆண்களுக்குத் தலைப்பாகை கட்டாயம், பெண்கள் கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். பெரும்பாலான சீக்கியப் பெண்கள் துப்பட்டாவால்தான் தலையை மூடுகிறார்கள். ஆகவே சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் கணவருக்கு விலக்கு, மனைவிக்கு ஹெல்மெட். 1990-களின் கடைசியில் டெல்லியில் பெண்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்ற பேச்சு வலுத்தபோது சீக்கிய மத அமைப்புகள் எதிர்த்தன. தலைப்பாகையோ துப்பட்டாவோ, சீக்கியர் தலையில் தொப்பி ஏறக்கூடாது என்பது அவர்கள் வாதம். அவர்கள் கேட்டது அவர்கள் வீட்டுப் பெண்களுக்கான விலக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏற்கிறேனா என்றால் இல்லை. ஆனால் அது அவர்களுடைய நம்பிக்கை, அவர்கள் கேட்டார்கள்.

1999-ல் டெல்லி அரசு 1993-ஆம் வருஷத்து டெல்லி மோட்டார் வாகன விதிகளில் 115-ஆவதைத் திருத்தியது. ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்தாலும் சரி, ஹெல்மெட் போடுவது பெண்களின் விருப்பம். சீக்கியப் பெண்கள் மட்டும் இல்லை, எல்லாப் பெண்களும்! சிக்னலில் நிற்கும் கான்ஸ்டபிள் எந்தப் பெண் சீக்கியர், எந்தப் பெண் திருச்சிக்காரி என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? நிறுத்தி மதம் கேட்க முடியுமா? எல்லோரையும் விட்டுவிடுவது சுலபம். விதி எழுதுபவருக்கும் தலைவலி இல்லை, போலீசுக்கும் தலைவலி இல்லை.

டெல்லியில் இன்னொரு விசித்திரமும் உண்டு. போக்குவரத்து விதிகளை எழுதுவது டெல்லி அரசு. அதை அமல்படுத்தும் போலீஸ் மத்திய உள்துறையின் கையில். ஒரு விதி சரியில்லை என்றால் இவரைக் கேட்டால் அவரைக் காட்டலாம், அவரைக் கேட்டால் இவரைக் காட்டலாம்.

இந்த விலக்கை எதிர்த்து மாதர் சங்கங்கள் போராடினவா, எதிர்க்கட்சி கேட்டதா என்றெல்லாம் தேடினேன். பெரிதாக எதுவும் என் கண்ணில் படவில்லை. ஏன் படவேண்டும்? உரிமையைப் பறித்தால்தானே போராட்டம், இது சலுகை அல்லவா! நானே 2003-ல் மரியாதை என்றுதானே நினைத்தேன்.

டெல்லியை மட்டும் சொல்லிவிட்டு நம்ம ஊரை விட்டுவிட்டால் நியாயமில்லை. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்தார்கள். கடைகளில் கூட்டம் அலைமோதியது. சில நாட்களிலேயே பின்னால் உட்காரும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் விலக்கு வந்துவிட்டது. அங்கே தலைப்பாகைக் கேள்வியே கிடையாது. அம்மா போனில், 'பாத்தியா, இங்கயும் பொம்பளைங்களுக்கு வேண்டாம்னுட்டாங்க' என்றார். அப்போது நான் சிரித்தேன். அடுத்த வருஷம்தான் ரிங் ரோடு. தமிழ்நாட்டில் பின் சீட்டையும் சேர்த்துக் கறாராகச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம், 2015 ஜூலை 1 முதல்.

டெல்லியில் அதற்கு ஒரு வருஷம் முன்பே மாறிற்று. உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்று நடந்தது. 2014 ஆகஸ்ட் கடைசியில் 115-ஆவது விதியை மறுபடி திருத்தினார்கள். பெண்களுக்கும் கட்டாயம், சீக்கியப் பெண்களுக்கு மட்டும் விருப்பம். அந்தச் சமயத்தில் டெல்லியில் யார் ஆட்சி தெரியுமா? யாருமில்லை! பிப்ரவரியில் கெஜ்ரிவால் ராஜினாமா செய்தபின் குடியரசுத் தலைவர் ஆட்சி, துணைநிலை ஆளுநர் கையில் நிர்வாகம். ஓட்டுக் கேட்கப் போக வேண்டிய யாரும் நாற்காலியில் இல்லாத சில மாதங்களில்தான், ஓட்டுக் கேட்கும் கட்சிகள் பதினைந்து வருஷம் தொடாத விதி மாறியது. தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தக் கான்ஸ்டபிள் எப்படிப் பிரித்துப் பார்ப்பார் என்ற பழைய கேள்வி என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. நிறுத்திக் கேட்டால் 'நான் சீக்கியப் பெண்' என்று சொல்லிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான பெண்கள் பொய் சொல்லிக்கொண்டு வெறும் தலையோடு போகவில்லை. ஹெல்மெட் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பதினைந்து வருஷம் ஒரு நகரத்தையே விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட நடைமுறைச் சிக்கல், நடைமுறையில் இவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் இழுபறி நிற்கவில்லை. சண்டிகர் 2018-ல் தலைப்பாகை கட்டாத எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாக்கியது, எதிர்ப்பு வந்தது, டெல்லி மாதிரி சீக்கியப் பெண்களை விட்டுவிடுங்கள் என்று அந்த வருஷ அக்டோபரில் மத்திய உள்துறை சொல்லியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பெரிய திருத்தம் வந்தது. என்னிடம் வாங்கிய நூறு ரூபாய் செப்டம்பர் 1 முதல் ஆயிரம் ரூபாய் ஆயிற்று, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. எல்லோரும் அந்த ஆயிரத்தைப் பற்றியே பேசினார்கள். நான் 129-ஆம் பிரிவைத்தான் முதலில் புரட்டினேன். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். தலைப்பாகைச் சீக்கியருக்கான விலக்கு அப்படியே இருக்கிறது. மாநில அரசு விலக்குத் தரலாம் என்ற அந்த மூன்றாவது வாக்கியத்தைக் காணோம்.

அது போனால் என்ன, பழக்கம் போகுமா? அந்த வருஷ டிசம்பரிலேயே குஜராத் அரசு நகர எல்லைக்குள் ஹெல்மெட் வேண்டாம் என்று முடிவெடுத்து, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனதும் பின்வாங்கியது. நகரத்துக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்பது காரணம். நாங்களும் மெதுவாகத்தான் போனோம்.

குழந்தைகளுக்கு இன்னும் தாமதமாக வந்தது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ளவர்களுக்கு ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று விதி எழுதியது 2022 பிப்ரவரியில், அமல் ஒரு வருஷம் கழித்து. என் மகளை மூன்று வயதில் டாங்க் மேல் உட்காரவைத்து எத்தனை முறை இந்தியா கேட் போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட இப்போது பயமாக இருக்கிறது.

எண்களுக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதிலும் ஓட்டியவர்கள் 35,692, கூடச் சென்றவர்கள் 14,337. கெய்ர்ன்ஸ் யுத்த காலத்தில் எண்ணிய 2,279-ஐப் போல ஆறு மடங்குக்கு மேல், ஒரே வருஷத்தில், பின் சீட்டில் மட்டும். ஹெல்மெட் சாவைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு 2008-லேயே வந்தது. எங்களுக்கு விபத்து நடந்த அதே வருஷம்.

ஹெல்மெட் என்றால் ஹெல்மெட்டாக இருக்க வேண்டும் என்பது தனிக்கதை. டெல்லியில் ஃப்ளைஓவருக்குக் கீழே குவித்து வைத்து விற்பார்கள். சலானுக்குப் பயந்து வாங்கும் சமாசாரம். உள்ளே தெர்மோகோல் கூட இருக்காது, ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் பளபளவென்று ஒட்டியிருக்கும். ஐஎஸ் 4151 என்ற தரம் பல காலமாக இருந்தாலும், அந்த முத்திரை பெறாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்ற உத்தரவு அமலுக்கு வந்தது 2021 ஜூன் 1-ல்தான். அதற்கு முன்பு போடாதவருக்கு அபராதம் உண்டு, டப்பாவை விற்பவருக்குப் பயமில்லை. இப்போதும் ஃப்ளைஓவருக்குக் கீழே குவியல் இருக்கத்தான் இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு தங்கமணி இரண்டு வருஷம் பைக்கில் ஏறவில்லை. மெட்ரோ மயூர் விஹார் வரை வந்துவிட்டதால் பிரச்சினையும் இல்லை. 2010-ல் அவள் முதல் முறை மறுபடி ஏறியபோது கரோல் பாக்கில் நல்ல கடையாகப் பார்த்து ஒன்று வாங்கினோம். கடைக்காரர், 'மேடத்துக்கா? மேடத்துக்குத் தேவையில்லையே' என்றார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. 2014 செப்டம்பரில் ஒரு நாள் அதே சிக்னலில் பின் சீட்டுகளில் நான்கு ஹெல்மெட் பார்த்தோம். நான்காவதுக்கு இன்னும் பிளாஸ்டிக் கவர் பிரிக்கவில்லை. தங்கமணி என் தோளில் தட்டிக் காட்டினாள்.

இன்றும் வெள்ளிக்கிழமை மலை மந்திர் வாசலில் பூ வாங்குகிறாள். மகளிடம் நீட்டி, 'நல்ல மல்லியா பாரு' என்று கேட்பாள். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால் வாங்குவாள். கோயிலுக்குள் வைத்துக்கொள்கிறாள். வெளியே வந்ததும் எடுத்து, டிபன் டப்பா ஒன்றில் வைத்து மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறுகிறாள்.